மாட்டியவனே கழற்ற வேண்டும்

வுட்வர்ட், ஓக்லஹோமா
1993 ஜனவரி 11

அன்புள்ள ராய்ஸ்,

நலமாக இருக்கிறாயா? வயோமிங்கில் பனி கொட்டுகிறது என்று டி.வி.யில் காட்டும்போதெல்லாம் உன் காதைத்தான் நினைத்துக்கொள்கிறேன். தொப்பியை இழுத்துவிட்டுக்கொள் என்றால் கேட்கிற ஆளா நீ?

இதைப் போனிலேயே கேட்டிருக்கலாம். ஆனால் போன தடவை டிரெயிலர் பார்க் ஆபீஸ் வாசல் காசு போனில் இருவரும் பேசாமல் நின்றோமே, காசு விழும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டு, அது இன்னொரு தடவை எனக்கு வேண்டாம்.

விஷயம் இதுதான். நம் டிரெயிலர் வீட்டில் ஓவன் பற்றவில்லை. மேலே பர்னர் மூன்றும் நன்றாக எரிகின்றன. உள்ளே பைலட் சுடர் மட்டும் வரமாட்டேன் என்கிறது. தீக்குச்சி விரலைச் சுடும்வரை பிடித்துப் பார்த்துவிட்டேன்.

ஏன் இப்போது என்று கேட்பாய். டென்னி என்று ஒரு வெல்டர் வந்து டிரெயிலரைப் பார்த்துவிட்டுப் போனான். நம்மைப் போலத்தான், குழாய் பதிக்கிற வேலை போகிற ஊருக்கெல்லாம் வீட்டை இழுத்துக்கொண்டு போகிற பிழைப்பு. அவன் மனைவி பெக்கிக்கு எல்லாம் பிடித்துவிட்டது. "ஓவன் எரியுதான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்கக்கா. இவருக்குச் சோள ரொட்டி இல்லாம சாப்பாடே இறங்காது" என்றாள். ஜெஸ் என்று சின்னப் பையன் ஒருவன், இப்போதுதான் நடக்கிறான். உள்ளே வந்ததும் நேராக அடுப்புக் குமிழைப் பிடிக்கப் போனான்.

விற்பதென்று இன்னும் முடிவு செய்யவில்லை. வசந்தத்தில் நீ வந்து டிரெயிலரை அங்கே இழுத்துப் போவதாகச் சொன்னாய். சொன்னது அக்டோபரில். அதன்பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. நீ வருவதானால் விற்க மாட்டேன், இல்லையென்றால் இதை விற்றுவிட்டு அமரில்லோவில் அக்கா வீட்டுக்குப் போகிறேன். தனியாக இதற்குள் இருக்க முடியவில்லை ராய்ஸ்.

நம் ஷெல்பியின் கல்லறை மண் இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறது. அது அடங்கிய பிறகுதான் கல் வைக்க வேண்டுமாம்.

உன்
டார்லா


ராலின்ஸ், வயோமிங்
ஜனவரி 19

டார்லா,

கடிதம் கிடைத்தது. கேள்வி கேட்டால் விவரத்தோடு கேட்க வேண்டும். "வரமாட்டேன் என்கிறது" என்றால் என்ன? சுடர் வந்து அணைகிறதா, வரவே இல்லையா? இரண்டுக்கும் வேறு வேறு வைத்தியம். வரவே இல்லை என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

மேலே எரிகிறது என்றால் சிலிண்டரில் கேஸ் இருக்கிறது. ஆனால் நீ அதன் வால்வைத் திறக்கிற அழகு எனக்குத் தெரியும். படக்கென்று. அப்படித் திறந்தால், எங்கோ குழாய் உடைந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு உள்ளே இருக்கும் பாதுகாப்பு வால்வு பாதி மூடிக்கொள்ளும். மேலே எரிகிற அளவுக்குக் கேஸ் வரும், கீழே எட்டாது. ஆகவே முழுக்க மூடு. மறுபடி மெதுவாகத் திற. தூங்குகிற பிள்ளையின் அறைக் கதவைத் திறப்பது போல.

பிறகு மேல் பர்னர் ஒன்றைக் கொஞ்ச நேரம் எரியவிடு. குழாயில் நிற்கும் காற்று வெளியேறும். ஓவனில் அடைத்து வைத்திருக்கும் சட்டி பானைகளை எல்லாம் வெளியே எடு. அது ஓவன், அலமாரி இல்லை. எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்? குமிழைப் பைலட் குறிக்குத் திருப்பி, தீக்குச்சியைப் பின்பக்கம், பர்னருக்கு அடியில் காட்டு. அவசரப்படாதே.

எதற்கு இவ்வளவு என்றால், பைலட் ஒரு சின்னச் சுடர்தான். ஆனால் அது எரிந்தால்தான் பக்கத்தில் இருக்கும் செம்புக் குச்சி சூடாகும். குச்சி சூடானால்தான் பெரிய வால்வு திறக்கும். சின்னது இல்லையென்றால் அப்புறம் எதுவும் நடக்காது. இந்த இயந்திரம் அவ்வளவுதான். கேஸ் நாற்றம் வந்தால் எல்லாவற்றையும் மூடிவிட்டு வெளியே வந்துவிடு.

இங்கே வேலை சரியாகத்தான் போகிறது, ஆட்கள்தான் சரியில்லை. நான் அடைத்துச் சிவப்பு அட்டை மாட்டிய வால்வில் நேற்று புதிதாக வந்த ஒருவன் கை வைத்தான். "நீங்க மறந்துட்டீங்கன்னு நெனச்சேன்" என்கிறான். "அட்டையில யாரு பேரு இருக்கு? உன் பேரா, என் பேரா? மாட்டினவன்தான்யா கழட்டணும். உள்ள எவன் கை இருக்குன்னு உனக்குத் தெரியுமா?" என்று கத்திவிட்டேன். வால்வை அடைக்கிறவன் தன் பெயர், காரணம், எப்போது திறக்கலாம் என்று மூன்றையும் எழுதி மாட்டுகிறான். அதைக்கூடப் படிக்காதவனை எதற்கு வேலைக்கு எடுக்கிறார்கள்?

விற்க இப்போது என்ன அவசரம்? குளிர்காலத்தில் டிரெயிலர் விலை போகாது.

ராய்ஸ்


வுட்வர்ட்
ஜனவரி 28

அன்புள்ள ராய்ஸ்,

"அன்புள்ள" என்று போட மறந்துவிட்டாய். பரவாயில்லை, நானே போட்டுப் படித்துக்கொண்டேன்.

நீ சொன்னபடியே செய்தேன். பக்கத்து டிரெயிலர் ஓபல் அம்மாள் டார்ச் அடித்தாள். பள்ளிக்கூடச் சமையலறையில் காலம் தள்ளியவள், ஓவன் என்றால் தனக்குத்தான் எல்லாம் தெரியும் என்று நினைப்பு. உன் கடிதத்தை அவளுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்திவிட்டாள்.

"இரு கண்ணு. இது புருஷன் எழுதின கடுதாசியா, இல்ல அடுப்போட வந்த புத்தகமா?"

"அவருக்கு எழுத வர்றது இப்படித்தான்."

"ஒரு வரியாவது 'எப்படிம்மா இருக்க'ன்னு இருக்கா பாரு. திருப்பிப் பாரு, பின்னாடி எழுதியிருப்பான்."

பின்னாடி எதுவும் இல்லை. ஆனால் தூங்குகிற பிள்ளையின் கதவு என்று ஒரு வரி இருந்தது. அதை எழுதிவிட்டுப் பேனாவைக் கொஞ்ச நேரம் கீழே வைத்திருப்பாய் என்று தோன்றியது. ஓபலுக்கு அதைப் படித்துக் காட்டவில்லை.

பைலட் வரவில்லை. மெதுவாகத்தான் திறந்தேன். கேஸ் நாற்றமும் இல்லை.

ஒன்று சொல்ல வேண்டும். சட்டி பானைகளை எடுத்த பிறகு, உள்ளே மூலையில், நம் ஷெல்பியுடைய மஞ்சள் பிளாஸ்டிக் வாத்து கிடந்தது. எங்கெங்கோ தேடினோமே, அதுதான். பக்கத்தில் பாதி தின்ற ஒரு ரஸ்க். எப்போதோ கதவைத் திறந்து வாத்துக்குச் சாப்பாடு வைத்திருக்கிறாள். ரஸ்க்கில் பல் பதிந்திருக்கிறது ராய்ஸ். மேலே நான்கு, கீழே நான்கு.

ஓபல் டார்ச்சை அணைத்து மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

உன்
டார்லா


ராலின்ஸ்
பிப்ரவரி 6

டார்லா,

அப்படியானால் சிலந்தி. கேஸில் கலக்கும் நாற்றத்துக்குச் சில சிலந்திகள் தேடி வரும். மெல்லிய குழாய் வாயில் வலை பின்னிவிட்டால் கேஸ் நின்றுபோகும். பைலட் வாயை மென்மையான பிரஷ்ஷால் துடை, காற்றடித்து ஊது. ஊசி விடாதே. ஊசியால் குத்தினால் துளை பெரிதாகி, சுடர் மஞ்சளாகிப் புகை கக்கும். ஒரு நொடியில் கெடுத்துவிடலாம், சரி செய்யப் புது உறுப்பு வாங்க வேண்டும்.

செம்புக் குச்சி தன் கொக்கியில் உட்கார்ந்திருக்கிறதா என்று பார். சட்டி இடித்து விலகியிருக்கலாம். சிலிண்டர் பக்கம் இருக்கும் ரெகுலேட்டரின் மூச்சுத் துளையில் ஐஸ் பிடித்திருந்தால் வெந்நீர்த் துணி போடு.

இவ்வளவும் செய்தும் வரவில்லையென்றால் விட்டுவிடு. அடுப்பின் மேல் தகட்டைத் தூக்கி உள்ளே பார்க்கும் வேலை மட்டும் வேண்டாம். நீயும் தூக்காதே, ஓபலும் தூக்க வேண்டாம், அந்த வெல்டரும் தூக்க வேண்டாம். வெல்டருக்குக் கேஸ் அடுப்பைப் பற்றி என்ன தெரியும்? அது என் வேலை.

பர்னர் மூன்றும் எரிகின்றன. ஓர் ஆளுக்கு அது போதாதா?

ராய்ஸ்


வுட்வர்ட்
பிப்ரவரி 15

ராய்ஸ்,

இந்தத் தடவை நானும் "அன்புள்ள" போடவில்லை.

சிலந்தியைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய். நான் ரஸ்க்கைப் பற்றி எழுதினேன். உனக்குக் கிடைத்ததா அந்தக் கடிதம்? வாத்தைப் பற்றி எழுதினேன். அதற்கு ஒரு சொல். ஒரே ஒரு சொல் எழுதியிருந்தால் நான் இப்படி எழுத மாட்டேன்.

ஷெல்பிக்கு மூளைக்காய்ச்சல் என்று டாக்டர் சொன்னபோது நீ அவரிடம் கேட்டதை நான் மறக்கவில்லை. "எது வழியா உள்ள வந்துச்சு?" என்று கேட்டாய். அவர் தெரியாது என்றார். அத்தோடு பேச்சை நிறுத்தியவன்தான். அடக்கம் முடிந்த வாரமே டிரக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டாய். ஓர் ஆளுக்குப் பர்னர் போதாதா என்று கேட்கிறாயே, ஓர் ஆளாக என்னை விட்டுப் போனது யார்?

மேல் தகட்டைத் தூக்கப் போகிறேன். இப்போதே.

பிப்ரவரி 16

தூக்கினேன்.

குமிழ்களுக்குப் பின்னால் பைலட்டுக்குப் போகும் குழாயைக் கழற்றி ஒதுக்கி வளைத்துவிட்டு, அந்த வாயில் ஒரு பித்தளை அடைப்பானை முறுக்கியிருக்கிறாய். மஞ்சள் டேப் சுற்று ஒன்றுகூடக் கோணவில்லை. பார்த்ததுமே உன் கை என்று தெரிந்தது. அதில் ஒரு சிவப்பு அட்டை தொங்கியது.

அடைத்தது: ராய்ஸ்.
காரணம்: ஷெல்பி.
திறக்கும் நாள்: 1995 ஜூன் 3. ஐந்தாவது பிறந்தநாள்.

தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

போன கோடையில் அவள் இரண்டு கையாலும் ஓவன் குமிழைத் திருப்பக் கற்றுக்கொண்டாள். நான் துணி துவைக்கப் போன ஒரு ஞாயிற்றுக்கிழமை இதைச் செய்திருக்கிறாய். என்னிடம் சொல்லவில்லை. ஏன் என்று எனக்கே தெரிகிறது. படிக்குக் கதவு போட்டாய், மேஜை முனைக்கெல்லாம் பஞ்சு ஒட்டினாய், அலமாரிக்குக் கம்பிக் கொக்கி வைத்தாய். "இது வீடா, ஜெயிலா?" என்று நான்தான் சிரித்தேன். அதனால் இதை மறைத்துச் செய்தாய். வெயிலுக்கு ஓவன் வேண்டாம், வெளியே கரி அடுப்பில் சமைக்கலாம் என்றாய். நானும் நம்பினேன். எல்லா ஓட்டையையும் அடைத்தாய் நீ. அது எந்த ஓட்டை வழியாகவும் வரவில்லை.

இத்தனை நாளும் உனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே வால்வை மெதுவாகத் திற, பிரஷ் போடு, ஊது என்று எழுதினாய்.

எனக்குக் கோபம் இல்லை. இருந்தது, அட்டையைப் பார்த்ததும் போய்விட்டது.

நான் அதைத் தொடவில்லை. உங்கள் வழக்கத்தை நீயே எழுதியிருக்கிறாய், மாட்டியவன்தான் கழற்ற வேண்டும். வந்து கழற்று ராய்ஸ். வேறு எதுவும் பேச வேண்டாம். ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வா. நீ வந்தால் நான் டிரெயிலரை விற்கவில்லை.

டார்லா


ராலின்ஸ்
மார்ச் 4

டார்லா,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. நான்கு தடவை எழுதிக் கிழித்தேன்.

நான் எழுதியதில் எதுவும் தவறில்லை. பைலட் வராவிட்டால் அந்த வரிசையில்தான் பார்க்க வேண்டும். எதுவும் பலிக்காது என்று தெரிந்துதான் எழுதினேன். அடைப்பான் இருக்கிறது என்று எழுதினால் நீ கழற்றிவிடுவாய். கழற்றிவிட்டால் அந்தக் காரணமும் இல்லை என்றாகிவிடும். அதற்கு மேல் இதை விளக்க எனக்குத் தெரியவில்லை.

ரஸ்க் பற்றிய பக்கத்தைச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். மடிப்பில் கிழிந்துவிட்டது. எனக்குக் கிடைத்ததா என்று கேட்டாயே, அதற்காகச் சொல்கிறேன்.

வர முடியாது. லீவு கிடைக்காது என்று எழுதலாம், அது பொய். கேட்டால் கிடைக்கும். அந்தப் படிக்கதவை நான் திறந்துகொண்டு உள்ளே வர வேண்டும். உள்ளே யாரும் ஓடிவர மாட்டார்கள். என்னால் முடியாது.

மாட்டியவன் வர முடியாவிட்டால் அதற்கும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். அவன் சம்மதம் சொன்னால் இன்னொருவர் கழற்றலாம். இது என் சம்மதம். சிலிண்டரை மூடு. இரண்டு ஸ்பேனர் வேண்டும், ஒன்றால் அடியைப் பிடித்துக்கொள், இன்னொன்றால் அடைப்பானைத் திருப்பு. ஒரே ஸ்பேனரால் திருகினால் குழாய் முறுக்கிக்கொள்ளும். பைலட் குழாயை மாட்டி இறுக்கிய பிறகு கேஸைத் திறந்து சோப்பு நுரை தடவிப் பார். குமிழி வந்தால் கசிகிறது என்று அர்த்தம்.

அந்த வெல்டரின் பையனுக்கு நடை வந்துவிட்டது என்று எழுதியிருந்தாய். குமிழைப் பிடித்தான் என்றும் எழுதியிருந்தாய். அடைப்பான் எதற்கு என்று அவர்களிடம் சொல்.

ராய்ஸ்


வுட்வர்ட்
மார்ச் 20

அன்புள்ள ராய்ஸ்,

டிரெயிலரைக் கொடுத்துவிட்டேன். புதன்கிழமை அவர்கள் இழுத்துப் போகிறார்கள். அன்றைக்கே நான் அமரில்லோ போகிறேன்.

அட்டையை நான்தான் கழற்றினேன், நீ சம்மதம் கொடுத்ததால். அடைப்பானை டென்னி கழற்றினான், இரண்டு ஸ்பேனர் வைத்து. நீ சொன்னதைச் சொன்னதும், "அது எனக்குத் தெரியாதாக்கும்" என்று முகத்தைத் தூக்கிக்கொண்டான். அவன் பைலட் குழாயை மாட்டப்போகும்போது பெக்கி என் கையில் இருந்த அட்டையைப் பார்த்துவிட்டாள்.

"யாருக்கா ஷெல்பி?"

சொன்னேன்.

அவள் ஜெஸ்ஸைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். பிறகு டென்னியைப் பார்த்து, "அத எங்க இருந்துச்சோ அங்கயே மாட்டு" என்றாள்.

"ரொட்டி?"

"வாணல்ல சுட்டுத் தரேன், தின்னு. செத்துட மாட்ட. மாட்டுன்னா மாட்டு."

அடைப்பான் திரும்ப ஏறிவிட்டது. டென்னி புது அட்டை எழுதி மாட்டினான். அடைத்தவன் பெயர் அவனுடையது. காரணம், ஜெஸ். திறக்கும் நாள் என்று என்னவோ எழுதினான், நான் படிக்கவில்லை. ஆகவே நம் ஓவன் கடைசிவரை எரியவில்லை.

நீ வர முடியாது என்று எழுதியதை நான் நம்புகிறேன். பொய் எழுதாமல் இருந்ததற்கு நன்றி. ஆனால் என்னாலும் இதற்கு மேல் காத்திருக்க முடியாது. இனி நீ வந்தால் வருவதற்கு வீடு இல்லை, அவ்வளவுதான். அதற்கு யாரையும் குற்றம் சொல்லவில்லை.

வாத்து என்னிடம் இருக்கட்டும். பழைய அட்டை உன்னுடையது. தபாலில் தொலைந்துவிட்டால் என்னால் தாங்க முடியாது என்பதால் ஓபலிடம் கொடுத்திருக்கிறேன். எப்போது முடியுமோ அப்போது வாங்கிக்கொள்.

போன வாரம் கல் வைத்துவிட்டார்கள். சின்னக் கல்தான்.

காதை மூடிக்கொள்.

டார்லா


வுட்வர்ட்
ஏப்ரல் 12

அன்புள்ள டார்லா,

அக்கா வீட்டு முகவரிக்கு எழுதுகிறேன். எங்கிருந்து என்று மேலே பார்த்திருப்பாய். ஓபலின் சமையல் மேஜையில் உட்கார்ந்திருக்கிறேன்.

உன் கடிதம் வந்ததும் லீவு கேட்கவில்லை. பதினைந்து நாள் கேட்காமலே இருந்தேன். பிறகு கேட்டேன், உடனே கொடுத்தார்கள். இரண்டு ஸ்பேனரையும் பக்கத்து சீட்டில் போட்டுக்கொண்டு வந்தேன். டிரெயிலர் இங்கே இல்லை என்று நீ எழுதியதைப் படித்துத்தான் இருந்தேன். ஆனாலும் எடுத்துக்கொண்டு வந்தேன்.

நம் இடம் காலியாக இருக்கிறது. டிரெயிலர் சாயாமல் இருக்க நான் அடியில் கொடுத்த கட்டைகள் மட்டும் கிடக்கின்றன. புல் வெளுத்த இடம் டிரெயிலர் அளவுக்குச் சரியாக இருக்கிறது. படி இருந்த இடத்தில் நின்றேன். கதவு இல்லாததால் நிற்க முடிந்தது.

ஓபல் வெளியே வந்து என் கையைப் பார்த்தாள்.

"ஸ்பேனர் எடுத்துட்டு வந்திருக்க."

"ஆமா."

"இப்பவா?"

"ஆமா."

"உன்னைத் திட்டணும்னு அந்தப் பொண்ணு ஊருக்குப் போன நாள்லேர்ந்து மனசுக்குள்ள எழுதி வெச்சிருந்தேன்டா. மூஞ்சியப் பாத்தா ஒண்ணும் வர மாட்டேங்குது. உள்ள வா, பீன்ஸ் சூப் இருக்கு."

சாப்பிட்டேன். அட்டையைக் கொடுத்தாள்.

பிறகு கல்லறைக்குப் போனேன். அடக்கத்துக்குப் பிறகு இதுதான் முதல் தடவை. கல் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. வைத்தவன் மண்ணைக் கெட்டிப்படுத்தாமல் வைத்திருக்கிறான், முட்டாள். டிரக்கிலிருந்து ரசமட்டத்தை எடுத்து வந்து பார்த்தேன். கல்லை நகர்த்தி, அடியில் சரளை போட்டுக் குத்தி, மறுபடி நிறுத்தினேன். இப்போது நான்கு பக்கமும் மட்டம். பெயரில் ஒட்டியிருந்த மண்ணை ஊதினேன், பிரஷ்ஷால் துடைத்தேன். அதற்கு மேல் செய்ய அங்கே வேலை இல்லை. அதனால் உட்கார்ந்தேன். ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன் டார்லா. நீ கேட்ட அந்த ஒரு சொல்லை அங்கே சொல்லிப் பார்த்தேன். சத்தமாகத்தான் சொன்னேன். அது ஒரு சொல்லாக நிற்கவில்லை.

உன்னைத் திரும்பி வா என்று எழுத எனக்கு உரிமை இல்லை. அமரில்லோவுக்கு நான் வரவும் மாட்டேன், நீ கூப்பிடாமல்.

இன்னும் ஒரே ஒரு விஷயம். அட்டையில் நாள் போட்டிருக்கிறேன். அந்த நாள் வர இன்னும் இரண்டு வருஷத்துக்கு மேல் இருக்கிறது. வரும்போது திறக்க எதுவும் இருக்காது, தெரியும். ஆனாலும் மாட்டியவன் அன்றைக்கு இடத்தில் இருக்க வேண்டும். அவளுடைய ஐந்தாவது பிறந்தநாள் அன்று காலையிலிருந்து நான் அந்தக் கல் பக்கம் இருப்பேன். நீ வர வேண்டும் என்று இல்லை. வந்தால், வாத்தை எடுத்துக்கொண்டு வா.

இதற்குப் பதில் வேண்டாம்.

உன்
ராய்ஸ்